உலைக்குத் தப்பிய டாலர்கள்

1962 நவம்பர். கிறிஸ்துமஸுக்கு வீட்டுப் பிள்ளைகள் கையில் ஒரு வெள்ளி டாலர் வைப்பது அமெரிக்கக் குடும்பங்களில் பழைய வழக்கம். அதனால் ஆண்டுக் கடைசியில் வங்கிகள் அரசுக் கருவூலத்திடம் டாலர் மூட்டைகளைக் கேட்டு வாங்கும். அந்த ஆண்டும் கேட்டன. கையிருப்பு போதாமல், பிலடெல்பியா அக்கசாலையில் 1929 முதல் பூட்டி முத்திரை வைத்திருந்த ஒரு பெட்டக அறையைத் திறந்து மூட்டைகளை வெளியே அனுப்பினார்கள். ஒரு மூட்டைக்கு 1,000 காசு, எடை ஏறத்தாழ 27 கிலோ. அவற்றை அவிழ்த்துப் பார்த்தவர்களுக்கு மூச்சு நின்றது. பளபளவென்று, கைபடாமல், 1903 என்ற ஆண்டும் பின்பக்கம் ‘ஓ’ என்ற சிறு எழுத்தும் பொறித்த காசுகள் கொட்டின.

‘ஓ’ என்றால் நியூ ஆர்லியன்ஸ் அக்கசாலை. 1903-ஓ டாலர் அதுவரை சேகரிப்பாளர்கள் கனவு மட்டுமே கண்ட காசு. அமெரிக்க நாணயக்காரர்கள் ஆண்டுதோறும் புரட்டும் சிவப்பு அட்டை விலைப் புத்தகத்தில், புழங்காத நிலையில் இருக்கும் ஒரு 1903-ஓ-வுக்கு 1,500 டாலர் என்று போட்டிருந்தது. அந்த வகை வெள்ளி டாலர்களிலேயே மிக உயர்ந்த விலைகளில் ஒன்று. அடுத்த பதிப்பில் அதே காசுக்கு நேரே இருந்த எண் 30. சேமிப்பைக் கொட்டி அதை வாங்கி வைத்திருந்தவர்களின் நிலையை விவரிக்க வேண்டியதில்லை.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 1903-இல் நியூ ஆர்லியன்ஸில் 44,50,000 டாலர்கள் அச்சடித்ததாகப் பதிவேடு எப்போதும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. எண்ணிக்கை எவருக்கும் ரகசியமாக இல்லை. அத்தனை காசும் உலைக்குப் போய்விட்டது என்று எல்லோரும் நம்பினார்கள், அவ்வளவுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க வெள்ளிக் காசுகளைச் சேகரிக்க இறங்குகிறவர் முதலில் கற்க வேண்டிய பாடம் இங்கேதான் இருக்கிறது. எத்தனை அச்சடித்தார்கள் என்பதைவிட, எத்தனையை உருக்கினார்கள், யார் கேட்டு உருக்கினார்கள், எது எந்த அறையில் மறந்து கிடந்தது என்பதே காசின் அருமையை முடிவு செய்கிறது. அந்த உருக்கலின் வரலாற்றைத் தேடிப் போனால் பாதை பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் வந்து சேர்கிறது.

தொடக்கம் நெவாடா மலைகளில். 1859-இல் வர்ஜீனியா சிட்டி அருகே காம்ஸ்டாக் என்ற பெரும் வெள்ளிப் படிவம் கண்டுபிடிக்கப்பட்டது. வெட்டிய வெள்ளியை மலை தாண்டி சான் பிரான்சிஸ்கோவுக்குச் சுமந்து போவது செலவும் அபாயமும் நிறைந்த வேலை என்பதால், பக்கத்திலேயே கார்சன் சிட்டியில் ஓர் அக்கசாலை எழுப்பினார்கள். 1870 பிப்ரவரியில் அங்கே முதல் காசு விழுந்தது. அதன் அடையாளம் ‘சிசி’ என்ற இரட்டை எழுத்து. சான் பிரான்சிஸ்கோவுக்கு ‘எஸ்’. தாய் அக்கசாலையான பிலடெல்பியா அந்தக் காலத்தில் எழுத்து எதுவும் போட்டுக்கொள்ளவில்லை.

கார்சன் சிட்டி இயந்திரம் சூடேறுவதற்குள் வெள்ளிக்குச் சோதனை வந்துவிட்டது. ஜெர்மனி தங்க நாணயத்துக்கு மாறியது. ஐரோப்பாவில் வெள்ளி கேட்பாரற்றுப் போகத் தொடங்கியது. 1873 பிப்ரவரி 12-இல் நிறைவேறிய நாணயச் சட்டம், அமெரிக்காவின் வழக்கமான வெள்ளி டாலரைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. அதற்குப் பதிலாக ஆசிய வணிகத்துக்கென்று சற்றே கனமான ‘டிரேட் டாலர்’ ஒன்று வந்தது. சீனத்து வணிகர்கள் அதை வாங்கி, வெள்ளி நல்லதுதான் என்று சோதித்த அடையாளமாகத் தங்கள் முத்திரையைக் குத்தி அனுப்பினார்கள். உள்நாட்டிலோ 1876-இல் அது செல்லாக் காசானது. முதலாளிகள் தள்ளுபடி விலைக்கு அதை வாங்கி, கூலியில் முழு டாலராகக் கணக்கு வைத்துத் தொழிலாளர் தலையில் கட்டினார்கள். முத்திரை குத்திய டிரேட் டாலர்களைப் பழுதான காசு என்று சேகரிப்பாளர்கள் வெகுகாலம் ஒதுக்கினார்கள். இப்போது அந்தக் குத்துகளுக்காகவே தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அதே 1873 சட்டம் இன்னொரு விசித்திரத்தையும் விட்டுச் சென்றது. பத்து சென்ட் காசின் எடையை மிகச் சிறிதளவு கூட்டச் சொன்னது சட்டம்; புதிய எடைக் காசுக்கு அடையாளமாக ஆண்டின் இருபுறமும் அம்புக்குறி பொறித்தார்கள். அம்பு இல்லாமல் கார்சன் சிட்டியில் அந்த ஆண்டு ஏற்கெனவே அடித்திருந்தவை 12,400. அவை உலைக்குப் போயின. இன்று உலகத்தில் தெரிந்திருப்பது ஒன்றே ஒன்று. பால்டிமோர் வங்கியாளர் லூயிஸ் எலியாஸ்பெர்க், அமெரிக்கக் காசுகளில் ஆண்டு வாரியாக, அக்கசாலை வாரியாக ஒன்று விடாமல் சேர்க்கத் துணிந்தவர். அவருடைய தொகுப்பில் கடைசியாக எஞ்சியிருந்த ஓட்டையை 1950-இல் அடைத்தது இந்தக் காசுதான். நகத்தைவிடச் சற்றே பெரிய ஒரு வட்டம்; 2012 ஏலத்தில் 18 லட்சம் டாலரைத் தாண்டியது.

வெள்ளி டாலர் நின்றுபோனதைச் சுரங்க முதலாளிகளும் கடனில் மூழ்கிய மேற்கத்திய விவசாயிகளும் ஏற்கவில்லை. ‘எழுபத்து மூன்றின் குற்றம்’ என்றே அந்தச் சட்டத்துக்குப் பெயர் வைத்தார்கள். ஐந்தாண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 1878 பிப்ரவரி 28-இல் பிளாண்ட்–அலிசன் சட்டம் வந்தது. குடியரசுத் தலைவர் ஹேஸ் மறுத்து அனுப்ப, நாடாளுமன்றம் அன்றே அவர் மறுப்பைத் தள்ளி நிறைவேற்றியது. மாதந்தோறும் 20 முதல் 40 லட்சம் டாலர் மதிப்புள்ள வெள்ளியை அரசு வாங்கி, டாலராக அடித்தே தீர வேண்டும். யாருக்கு வேண்டும் என்ற கேள்வியே சட்டத்தில் இல்லை.

அந்தக் காசுக்கு உருவம் தந்தவர் ஜார்ஜ் மார்கன். லண்டன் அக்கசாலையில் வேலை பழகி 1876-இல் பிலடெல்பியா வந்த அச்சுக் கலைஞர். கிரேக்கத் தேவதை முகங்களைப் பார்த்துப் பார்த்து வரைவதில் அவருக்கு அலுப்பு. ஓர் உண்மையான அமெரிக்கப் பெண்ணின் முகம் வேண்டும் என்று தேடினார். அன்னா வில்லெஸ் வில்லியம்ஸ் என்ற பிலடெல்பியா ஆசிரியை, ஓவியர் தாமஸ் ஈகின்ஸ் போன்ற நண்பர்கள் வற்புறுத்திய பிறகு, தன் பெயர் வெளியே வராது என்ற உறுதியின் பேரில் உட்கார்ந்தார். பெயர் வெளியே வந்தது. கடிதங்களும் வேடிக்கை பார்க்க வருகிறவர்களும் அவரை விடவில்லை. அவரோ தன் ஆசிரியப் பணியைப் பற்றி மட்டுமே பேச விரும்பினார். கோடிக்கணக்கான காசுகளில் முகம் பதிந்த ஒருவர், அந்தப் புகழைத் தன்னுடையதாகக் கடைசிவரை எடுத்துக்கொள்ளவில்லை என்பது இந்தக் காசைக் கையில் எடுக்கும்போதெல்லாம் நினைவில் வைக்கத் தக்கது.

1878 மார்ச் 11-இல் முதல் மார்கன் டாலர் விழுந்தது. 26.73 கிராம் எடை, 38.1 மில்லிமீட்டர் குறுக்களவு, நூற்றுக்குத் தொண்ணூறு வெள்ளி. பின்பக்கக் கழுகுக்கு எட்டு வால் இறகுகள் இருந்தன. முந்தைய அமெரிக்கக் காசுகளில் இறகு ஒற்றைப்படையாகவே இருந்தது என்று சுட்டிக்காட்டினார்கள். சில நாட்களில் அச்சை மாற்றி ஏழாக்கினார்கள். அதனால் எட்டிறகுக் காசு, ஏழிறகுக் காசு என்று முதல் ஆண்டிலேயே இரண்டு வகை பிறந்தன. பழைய எட்டின் மேல் புது ஏழை அழுத்தியதில் இறகு நுனிகள் அடியில் எட்டிப் பார்க்கும் கலப்பு வகையும் உண்டு.

அடித்த டாலர்களை மக்கள் வாங்கவில்லை. மேற்கிலும் தெற்கிலும் கொஞ்சம் புழங்கியது. கிழக்கே நியூயார்க், பாஸ்டன் போன்ற ஊர்களில் அந்தக் கனத்தைப் பையில் போட்டுக்கொண்டு நடக்க எவரும் தயாரில்லை. காசு பெட்டகத்தில் கிடக்க, அதற்கு ஈடாக வெள்ளிச் சான்றிதழ் என்ற தாள் மட்டும் கைமாறியது. இன்றைய சேகரிப்பாளருக்கு இது பெரும் பேறு. நூற்றிருபது, நூற்றைம்பது ஆண்டுப் பழைய காசு விரல் ரேகை படாமல் கிடைப்பது இதனால்தான். அதே மூட்டை வாழ்க்கைக்கு ஒரு விலையும் உண்டு. ஆயிரம் காசு ஒன்றோடொன்று உரச, அன்னா வில்லியம்ஸின் கன்னத்தில் விளிம்புப் பற்கள் பட்ட கீறல்கள் விழுந்தன. கன்னம் சுத்தமாக இருக்கும் காசுக்கும் கீறல் விழுந்த காசுக்கும் விலை பல மடங்கு வேறுபடும். தரம் பார்ப்பவர்கள் முதலில் பார்ப்பது அந்தக் கன்னத்தைத்தான்.

அந்தக் காலத்துச் சேகரிப்பாளர்கள் இவற்றை ஏன் எடுத்து வைக்கவில்லை என்று கேட்கத் தோன்றும். அவர்கள் கண் வேறிடத்தில் இருந்தது. ஆண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், பிலடெல்பியா மெருகேற்றிச் சிறப்பாக அடித்துத் தரும் ‘புரூஃப்’ காசை வாங்கினால் போதும் என்று நினைத்தார்கள். நியூ ஆர்லியன்ஸோ கார்சன் சிட்டியோ, எழுத்தைப் பற்றிக் கவலை இல்லை. 1893-இல் அகஸ்டஸ் ஹீட்டன் என்ற ஓவியர் அக்கசாலை எழுத்துகளைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதி, ஒவ்வொரு எழுத்தையும் தனிக் காசாகக் கருதிச் சேர்க்க வேண்டும் என்று வாதிட்டார். கொலம்பஸ் பற்றிய அவருடைய ஓவியம் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில் தொங்குகிறது. ஆனால் நாணய உலகம் அவருக்குக் கடன்பட்டிருப்பது இந்த நூலுக்காக. அவர் பேச்சு பரவச் சில பத்தாண்டுகள் ஆயின. அதற்குள் அரிய எழுத்துக் காசுகள் எவர் கண்ணிலும் படாமல் தேய்ந்தன, உருகின.

அரிதாக வேண்டுமென்றே பிறந்த காசும் ஒன்று உண்டு. 1804 டாலர். அந்த ஆண்டு 19,570 டாலர்கள் அடித்ததாகப் பதிவு. ஆனால் அச்சில் இருந்தது பழைய ஆண்டு. 1804 என்று பொறித்த டாலர் பிறந்தது முப்பது ஆண்டு கழித்து. மஸ்கட் சுல்தானுக்கும் சயாம் மன்னருக்கும் பரிசு கொண்டுபோகத் தூதர் எட்மண்ட் ராபர்ட்ஸுக்கு நாணயத் தொகுப்புகள் தேவைப்பட்டன. கடைசியாக டாலர் அடித்த ஆண்டு எது என்று ஏட்டைப் பார்த்த அக்கசாலைக்காரர்கள் 1804 என்று புதிதாய் அச்சு வெட்டினார்கள். ராபர்ட்ஸ் ‘பீகாக்’ என்ற கப்பலில் போய்ப் பரிசைக் கொடுத்தார். 1836-இல் மக்காவ் நகரில் நோயுற்று இறந்தார். அந்த முதல் வகைக் காசுகள் எட்டு. பின்னாளில் அக்கசாலை ஊழியர்களே திருட்டுத்தனமாக மேலும் சிலவற்றை அடித்து விற்றார்கள். மஸ்கட் சுல்தானுக்குப் போனதாகக் கருதப்படும் காசு 1999-இல் 41,40,000 டாலருக்கும், 2021-இல் 76,80,000 டாலருக்கும் ஏலம் போனது. பெயருக்கும் கதைக்கும் தரப்படும் விலை அது. அதன் புகழை மறுக்க முடியாது. ஆனாலும் சாதாரண மூட்டையில் பிறந்து, அழிவுக்குத் தப்பி வந்த ஒரு மார்கன் டாலரிடம் வரலாறு கூடுதலாக இருக்கிறது.

அந்த அழிவுக் கதையில் இந்தியா இரண்டு முறை வருகிறது.

முதல் முறை 1893. வெள்ளி விலை விழ விழ, வெள்ளி ரூபாயின் மதிப்பும் பவுனுக்கு எதிராக விழுந்துகொண்டிருந்தது. லண்டனுக்குப் பவுனில் பணம் கட்ட வேண்டிய இந்திய அரசு தவித்தது. அதுவரை யார் வேண்டுமானாலும் வெள்ளிக் கட்டி கொண்டுவந்து இந்திய அக்கசாலையில் ரூபாயாக அடித்துக்கொள்ளலாம். ஜூன் 26-இல் அந்தக் கதவை மூடினார்கள். உலகத்தின் பெரும் வெள்ளிச் சந்தை ஒரே நாளில் அடைபட்டது. சில நாட்களில் வெள்ளி விலை சரிந்தது. அமெரிக்க மேற்கில் சுரங்கங்கள் மூடின. ஏற்கெனவே வங்கிகள் முறிந்துகொண்டிருந்த ஆண்டு அது. 1890-இல் வந்த ஷெர்மன் வெள்ளிக் கொள்முதல் சட்டத்தைக் குடியரசுத் தலைவர் கிளீவ்லேண்ட் நவம்பரில் நீக்கவைத்தார். கார்சன் சிட்டியில் அந்த ஆண்டோடு காசடிப்பு நின்றுபோனது. 1894-இல் பிலடெல்பியா அடித்த வெள்ளி டாலர் மொத்தமே 1,10,000 சொச்சம். முந்தைய பத்தாண்டில் ஆண்டுக்குக் கோடிக்கணக்கில் அடித்த இடம் அது.

இரண்டாவது முறை 1918. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதல் உலகப் போரில் இந்தியா கோதுமையும் சணலும் தோலும் ஆட்களும் அனுப்பியது. பிரிட்டன் அதற்கான பணத்தை லண்டனில் கணக்கெழுதியது. இங்கே விவசாயிக்கும் சிப்பாயின் குடும்பத்துக்கும் கொடுக்க வேண்டியதோ ரூபாய். அரசு நோட்டு அச்சடித்தது. 1917 நவம்பர் 30-இல் ஒரு ரூபாய் நோட்டும், 1918 ஜனவரியில் இரண்டரை ரூபாய் நோட்டும் வந்தது இந்த நெருக்கடியில்தான். ஆனால் நோட்டைக் கொடுத்தால் வெள்ளி ரூபாய் தர அரசு சட்டப்படி கடமைப்பட்டிருந்தது. போர்ச் செய்திகள் கெட்டதாக வர வர, மக்கள் கரன்சி ஆபீஸ் வாசலில் நோட்டோடு நின்றார்கள். ஊர்ப்புறத்தில் நோட்டை மாற்ற வட்டம் பிடித்தார்கள். வாங்கிய வெள்ளியை மக்கள் புதைத்தார்கள், நகையாக்கினார்கள். திரும்பி வரவே இல்லை. 1918 வசந்தத்தில் அரசின் வெள்ளிக் கையிருப்பு அபாயக் கோட்டைத் தொட்டது. ரூபாய் தர முடியவில்லை என்று ஒரு நாள் கதவை அடைத்தால் போர்க்காலத்தில் என்ன ஆகும் என்ற அச்சம் டெல்லியிலும் லண்டனிலும் பரவியது.

அவ்வளவு வெள்ளி உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது. அமெரிக்கக் கருவூலத்தில், யாரும் கேட்காத மார்கன் டாலர் மூட்டைகளாக.

நெவாடா செனட்டர் கீ பிட்மன் கொண்டுவந்த சட்டம் 1918 ஏப்ரல் 23-இல் கையெழுத்தானது. 35 கோடி டாலர் வரை உருக்கி விற்க அனுமதி. விற்ற அளவு வெள்ளியைப் பிறகு அமெரிக்கச் சுரங்கங்களிடமிருந்து அவுன்ஸுக்கு ஒரு டாலர் என்று வாங்கி மீண்டும் டாலராக அடிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் இருந்தது. செனட்டர் எந்த மாநிலத்தவர் என்பதை நினைத்தால் நிபந்தனையின் காரணம் விளங்கும். உலைகள் எரிந்தன. மொத்தம் உருகியவை 27 கோடியே 2 லட்சத்து 32 ஆயிரத்து 722 டாலர்கள். அதில் 1 கோடியே 11 லட்சம் அமெரிக்கச் சில்லறைக் காசுகளுக்கு. மீதி 25 கோடியே 91 லட்சம், இந்தியாவுக்காகப் பிரிட்டனுக்கு விற்றது. அதாவது 20 கோடி அவுன்ஸ் வெள்ளி. அதுவரை அடித்திருந்த மார்கன் டாலர்களில் பாதிக்குச் சற்றே குறைவு.

பாளங்களாகக் கப்பலேறி வந்த அந்த வெள்ளி பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயாக மாறியது. ஒரு டாலரின் தூய வெள்ளியில் இரண்டே கால் ரூபாய் அடிக்கலாம். 1918, 1919 ஆண்டுகளில் இரண்டு அக்கசாலைகளும் சேர்ந்து ஆண்டுக்கு 40 கோடி ரூபாய்க்கு மேல் அடித்துத் தள்ளின. பின்பக்கம் கீழே சிறு புள்ளி இருந்தால் பம்பாய், இல்லாவிட்டால் கல்கத்தா. தமிழ்நாட்டு வீடுகளில் பாட்டிமார் முடிந்து வைத்திருந்த ஜார்ஜ் ராஜா காசுகளில் 1918, 1919 அடிக்கடி கண்ணில் படுவது இதனால்தான். எந்த ரூபாயில் எந்த டாலர் கரைந்திருக்கிறது என்று இனி பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆனால் காம்ஸ்டாக் மலையின் வெள்ளி நம்மூர்க் கொலுசிலும் அரைஞாணிலும் கலந்திருக்கக்கூடும் என்பதில் ஐயம் இல்லை.

சேகரிப்பாளருக்கு வலிப்பது அடுத்த செய்தி. உருக்கியவர்கள் மூட்டைக் கணக்கு மட்டும்தான் வைத்தார்கள். எந்த ஆண்டு, எந்த எழுத்து என்று எவரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்க அவர்களுக்கு அவசியமும் இல்லை. அவர்களுக்கு அது வெள்ளி. அன்றோடு அக்கசாலைப் பதிவேட்டின் எண்களுக்கும் உலகத்தில் இருக்கும் காசுகளுக்கும் தொடர்பு அறுந்தது. 1942-இல் வந்த இன்னொரு சட்டத்தின் கீழ் மேலும் சில கோடி உருகின. 1980 ஜனவரியில் வெள்ளி விலை அவுன்ஸுக்கு 50 டாலரை நெருங்கியபோது தனியார் உலைகளில் இன்னும் எத்தனையோ போயின.

இந்தப் பின்னணியில்தான் 1893-எஸ் டாலரைப் பார்க்க வேண்டும். சான் பிரான்சிஸ்கோ அந்த ஆண்டு அடித்தது 1,00,000 மட்டுமே. மார்கன் வரிசையில் புழக்கத்துக்கு வந்தது உறுதியான காசுகளில் இதுவே மிகக் குறைவு. எழுத்தைப் பற்றிக் கவலைப்படாத காலம் என்பதால் பெரும்பாலானவை மேற்கத்தியக் கடைகளிலும் சூதாட்ட மேசைகளிலும் தேய்ந்தன. தேய்ந்த 1893-எஸ்ஸுக்கே ஆயிரக்கணக்கில் டாலர் கொடுக்க வேண்டும். மிகச் சிறந்த நிலையில் உள்ள ஒன்று 2021-இல் 20 லட்சம் டாலரைத் தாண்டியது.

விலை இருக்கும் இடத்தில் கள்ளமும் இருக்கும். 1893 பிலடெல்பியா காசின் பின்பக்கம் ஓர் ‘எஸ்’ எழுத்தை ஒட்டுவார்கள். அல்லது எளிதில் கிடைக்கும் 1898-எஸ் காசை எடுத்து எட்டைச் செதுக்கி மூன்றாக்குவார்கள். கண்டுபிடிக்கும் முறை எளிமையானது, நம்பகமானது. ஒரு லட்சம் காசுக்கும் முன்பக்க அச்சு ஒன்றே ஒன்றுதான் பயன்பட்டது. அந்த அச்சில் இருந்த சிறு குறைகள் எல்லா நல்ல காசிலும் அப்படியே பதிந்திருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து, பெண்ணின் நெற்றிப் பட்டையில் உள்ள ‘லிபர்ட்டி’ என்ற சொல்லின் ஆறாவது எழுத்தைப் பாருங்கள். அதன் தலைக்கட்டில் மயிரிழை போல ஒரு சாய்ந்த கோடு மேலெழும்பி நிற்க வேண்டும். பிறகு கீழே ஆண்டுக்கு வாருங்கள். ‘1’ என்ற எண், விளிம்பைச் சுற்றி வரிசையாக இருக்கும் பற்களில் ஒன்றின் நேர் மேலே நிற்க வேண்டும், இரண்டு பற்களின் இடைவெளியில் அல்ல. இந்த இரண்டும் இல்லாவிட்டால் விற்பவர் என்ன கதை சொன்னாலும் காசைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

1962-இல் பெட்டகம் திறந்த செய்தி பரவியதும் நாடே வெள்ளி டாலருக்காகக் கிளம்பியது. வெள்ளிச் சான்றிதழைக் கொடுத்தால் வெள்ளி டாலர் தர வேண்டும் என்ற சட்டம் அப்போதும் உயிரோடு இருந்தது. முகமதிப்புக்கே காசு; உள்ளே எந்த ஆண்டு இருக்கிறதோ அது அவரவர் அதிர்ஷ்டம். வாஷிங்டன் கருவூலத்தின் வாசலில் கைவண்டியும் சாக்குமாக வரிசை நின்றது. கோடிக்கணக்கான டாலர்கள் சில மாதங்களில் வெளியேறின. 1964 மார்ச் 25-இல் கருவூலச் செயலர் டக்ளஸ் டில்லன் நிறுத்தச் சொன்னார். பிறகு 1968 ஜூன் வரை சான்றிதழுக்கு வெள்ளித் துகள்தான் கிடைத்தது.

நிறுத்திய பிறகு எண்ணினார்கள். மிஞ்சியிருந்தது 30 லட்சத்துக்குச் சற்றே குறைவு. பெரும்பகுதி கார்சன் சிட்டிக் காசுகள்! சேகரிப்பாளர்கள் உயிரைக் கொடுத்துத் தேடிய ‘சிசி’ எழுத்து மூட்டை மூட்டையாக அரசின் கையிலேயே கிடந்தது. 1972 முதல் 1980 வரை, பொதுச் சேவை நிர்வாகம் என்ற அரசுத் துறை அவற்றைக் கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து, தபால் வழி ஏலத்தில் மக்களுக்கு விற்றது. 1884-சிசி மொத்தம் அடித்தது 11,36,000. அந்தக் குவியலில் மட்டும் இருந்தது 9,62,638. கார்சன் சிட்டிக் காசு ஒன்றை இன்றும் நடுத்தரக் குடும்பத்தவர் ஒருவர் வாங்க முடிகிறது என்றால் இந்த விற்பனையே காரணம். அதே குவியலில் 1889-சிசி எத்தனை இருந்தது தெரியுமா? ஒன்று. அடித்தது என்னவோ 3,50,000. மற்றவை எங்கே போயின என்பதற்கு ஏடு இல்லை. பெரும்பகுதி உலைக்குப் போயிருக்க வேண்டும்.

அரசைப் போலவே பதுக்கிய தனி மனிதரும் இருந்தார். நெவாடாவின் ரீனோ நகரத்து லாவிர் ரெட்ஃபீல்ட், வங்கியையும் அரசையும் நம்பாத பணக்காரர். 1974-இல் அவர் இறந்த பிறகு வீட்டின் நிலவறையில் நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட வெள்ளி டாலர்கள் இருந்தன. 1976-இல் நீதிமன்ற ஏலத்தில் ஒரே கையாக 73 லட்சம் டாலருக்குப் போயின. வாங்கிய நிறுவனம் எல்லாவற்றையும் ஒரே நாளில் சந்தையில் கொட்டாமல், பல ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. 1903-ஓ கதையிலிருந்து வியாபாரிகள் கற்றது வீண் போகவில்லை.

மூட்டைகள் தீர்ந்தபின் சந்தை தரத்தின் பக்கம் திரும்பியது. வில்லியம் ஷெல்டன் 1949-இல் பழைய செப்புக் காசுகளுக்காக உருவாக்கிய 70 புள்ளி அளவுகோலை வெள்ளிக்கும் கொண்டுவந்தார்கள். 1986-லிருந்து தரச்சான்று நிறுவனங்கள் காசைப் பார்த்து, புள்ளி கொடுத்து, பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருகின்றன. கள்ளக் காசு குறைந்தது உண்மையான நன்மை. அந்த நிறுவனங்கள் தங்களிடம் வந்த காசுகளை ஆண்டு, எழுத்து, தரம் வாரியாகப் பட்டியலிட்டு வெளியிடுவது அதைவிடப் பெரிய நன்மை. பிட்மன் உலைக்காரர்கள் எழுதாமல் விட்ட கணக்கை, தப்பிப் பிழைத்தவற்றிலிருந்து பின்னோக்கி எழுதும் முயற்சி அது.

அந்தக் கணக்கிலும் அடங்காத ஒன்று 1895. அந்த ஆண்டு பிலடெல்பியாவில் புழக்கத்துக்கு 12,000 டாலர்களும், சேகரிப்பாளர்களுக்கு 880 புரூஃப் காசுகளும் அடித்ததாகப் பதிவேடு சொல்கிறது. 880-இல் பல இன்றும் இருக்கின்றன. வரிசையை முழுமையாக்க விரும்புகிறவர்கள் அவற்றுக்குத்தான் போட்டியிடுகிறார்கள். 12,000 என்பது வெறும் பன்னிரண்டு மூட்டை. 1918-இல் உருகிய இரண்டு லட்சத்து எழுபதாயிரம் மூட்டைகளில் அவையும் இருந்திருக்கலாம் என்பது ஒரு கட்சி. அப்படிக் காசே அடிக்கவில்லை, முந்தைய ஆண்டு அச்சில் அடித்ததைக் கணக்குப்பிள்ளை 1895-இல் எழுதிவிட்டார் என்பது இன்னொரு கட்சி. தேய்ந்த 1895 டாலர்கள் அவ்வப்போது வெளிவருகின்றன. பரிசோதித்தால் ஒவ்வொன்றும் பிலடெல்பியாவின் புரூஃப் அச்சில் பிறந்தது, கஷ்ட காலத்தில் யாரோ ஒருவர் செலவழித்தது என்று தெரியவருகிறது. மூட்டையில் பிறந்த 1895 ஒன்றைக்கூட இதுவரை எந்தத் தரச்சான்று நிறுவனமும் உறுதி செய்யவில்லை.